பத்துத் துப்பாக்கியும் நஸ்மியின் அரமும்

இல்லை என்றால் இல்லைதான். நஸ்மி அந்தத் துப்பாக்கிகளைக் கெடுக்கவில்லை. ரொட்டி அடுப்படியில் எல்லாப் பெண்களும் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக் குல்லு மாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: பொறாமையில் செய்துவிட்டானாம், அங்காராவிலிருந்து வந்த பெண் தன் தலைக்கு மேல் உட்கார்ந்ததைப் பொறுக்காமல் செய்துவிட்டானாம். நான் கையிலிருந்த உருட்டுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

“உன் புருஷன் சுவத்துல மாட்டி வச்சிருக்கிற இரட்டைக்குழல் யார் செஞ்சது குல்லு?”

“நஸ்மி அண்ணன்தான்.”

“இருபது வருஷத்துல ஒரு தடவையாவது அதுல தோட்டா சிக்கியிருக்கா?”

“சிக்கலை பெரியம்மா. அதனாலதான சொல்றேன். சிக்காம செய்யத் தெரிஞ்சவனுக்குத்தான் சிக்க வைக்கவும் தெரியும்.”

அடுப்பைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரொட்டியும் ஒரு பக்கம் கருகிவிட்டது. அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். முழுவதும் எனக்கே விளங்கவில்லைதான். விளங்காததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நஸ்மி என் தம்பி மகன். பெண்டாட்டி செத்துப்போன பிறகு, மகள் இஸ்மிரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள் என்பதால், என் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டான். எங்கள் ஊரான கவாக்லியில் பிறந்தவன் என்ன செய்வான்? துப்பாக்கிதான் செய்வான். இங்கே ஏரிக்கரையில் இருப்பவன் மீன் பிடிப்பான், மேட்டில் இருப்பவன் துப்பாக்கி செய்வான். வீட்டுக்கு வீடு ஒரு பட்டறை மேசை. முப்பத்தைந்து வருஷம் ரசிமின் பட்டறையில் அவன் வேலை ஒன்றே ஒன்று, பொருத்துவது. குழலை உடலோடு, உடலைக் கட்டையோடு. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் ஒரு துண்டைக் காட்டுவான், கரி படியும். அதை இன்னொன்றின் மேல் அழுத்தி எடுப்பான். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி அழுத்தல், மறுபடி ஒரு இழுப்பு. கடைசியில் இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் போகாது. பிறகு இரண்டிலும் உள்பக்கம் ஒரே எண்ணைப் பொறிப்பான். இந்தக் குழல் இந்த உடலுக்குத்தான், வேறு எதற்கும் இல்லை என்று அர்த்தம்.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். என் தேநீர்க் கெண்டியின் மூடி ஆடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்து உட்கார வைத்தான். அவ்வளவு அழகாக உட்கார்ந்தது, அதற்குப் பிறகு ஆவி போக வழியில்லாமல் மூக்கு வழியாகத் தேநீர் துப்பியது. திட்டினேன். “ஆனா ஆடலை பாரு அத்தை” என்றான். இவன்தான் பொறாமைக்காரனாம்.

ரசிம் எங்கிருந்தோ பெரிய மெஷின்களை இறக்கினான். கூடவே பெர்ரின் என்ற இஞ்சினியர் பெண்ணையும் கூட்டிவந்தான். குட்டை முடி, ஆண்பிள்ளை மாதிரி காலணி. ராணுவத்துக்குப் புது மாதிரித் துப்பாக்கி செய்யப்போகிறார்களாம். முதல் துப்பாக்கியைத் தேநீர்க் கடை வாசலில் மேசை போட்டு ஊருக்குக் காட்டினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. மேலேயும் பக்கத்திலும் சீப்புப் பல் மாதிரி வரி வரியாக வெட்டு. பெர்ரின் ஒரு விசையை அழுத்தினாள், குழல் கையோடு வந்தது. நீளமானதை எடுத்துவிட்டுக் குட்டையானதை மாட்டினாள். கட்டையை மடித்தாள். இடது கைக்காரனுக்கு ஏற்ற மாதிரி தோட்டாக் கூடு மறுபக்கம் தெறிக்கும்படி எதையோ திருப்பினாள். ஒரு கிளாஸ் தேநீர் ஆறுவதற்குள் மூன்று துப்பாக்கி ஆகிவிட்டது அது.

இளவட்டங்களுக்குப் பிடித்துவிட்டது, போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். கிழவர்களுக்குப் பிடிக்கவில்லை. வால்நட் கட்டை எங்கே என்றார் ஒருவர். எண்ணெய் வாசனையே இல்லையே, இது துப்பாக்கியா மிக்ஸியா என்றார் இன்னொருவர். செய்தவன் பெயரை எதில் பொறிப்பது, குழலிலா கட்டையிலா, நாளைக்கே கழற்றி வேறொன்றில் மாட்டிவிட்டால் பெயர் யாருடையது என்று மூத்த உஸ்தாக்கள், பட்டறைகளின் கைதேர்ந்த பெரியவர்கள், கேட்டார்கள். கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நஸ்மி குழலைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் கெண்டி ஞாபகம் வந்தது.

அவனை அந்தப் புதுத் துப்பாக்கியைப் பூட்டும் மேசையில் போட்டார்கள். அரம் தொடக் கூடாது என்பது முதல் கட்டளை. மெஷினிலிருந்து வருவதை எடுத்து மாட்ட வேண்டும், தீர்ந்தது. ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பல் ஆடுகிற மாதிரி ஆடுகிறது, மயிரிழைதான், ஆனால் ஆடுகிறது என்று புலம்பினான். பெர்ரினிடம் போய்க் காட்டியிருக்கிறான். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது, உஸ்தா, தொடாதீங்க என்றாளாம். எந்தக் குழலும் எந்த உடலிலும் உட்கார வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் நீளக் குழல், குட்டைக் குழல் என்று இரண்டு இருக்கிறதே, அந்த இரண்டையும்தான் சொல்கிறாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். முப்பத்தைந்து வருஷமாக ஒரு குழல் ஒரு உடலுக்கு என்று பொருத்தியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? நீங்களே சொல்லுங்கள்.

ராணுவ அதிகாரிகள் பார்க்க வருவதற்கு முந்தைய வாரம் பெர்ரின் அங்காராவுக்குப் போயிருந்தாள். பத்துத் துப்பாக்கி தயாராக இருந்தது. நஸ்மி தன் பழைய விளக்கை எடுத்துக்கொண்டு போனான். ஐந்து நாள், பத்துத் துப்பாக்கி. ஆடுகிற இடத்தில் மெல்லிசாக உலோகம் பற்றவைத்துத் தடிமனாக்கி, பிறகு கரி காட்டி அரம் போட்டானாம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் கரி, முகமெல்லாம் சிரிப்பு. “இப்ப அலமாரிக் கதவு மாதிரி மூடுது அத்தை. அந்தப் பொண்ணு வந்து பார்த்தா அசந்துடும்” என்றான். அந்தப் பெண்ணுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறோம் என்றுதான் அவன் நினைப்பு. எண் மட்டும் பொறிக்கவில்லை. கீறல் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம், அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டான்.

அதிகாரிகள் வந்த அன்று ஊரே மேட்டில் நின்றது. டிவிக்காரர்கள் வேறு. ஒரு அதிகாரி பத்துத் துப்பாக்கியையும் கழற்றச் சொன்னார். தார்ப்பாயில் பரப்பினார்கள். அப்புறம் அவர் தன் பூட்ஸ் காலாலேயே குழலையெல்லாம் ஒரு பக்கம், உடலையெல்லாம் ஒரு பக்கம் என்று தள்ளிக் கலந்துவிட்டார். எனக்கு முன்னால் நின்ற நஸ்மியின் காது மடல் வெளுத்ததை நான் பார்த்தேன். சிப்பாய்கள் கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். நான்கில் குழல் உள்ளே போகவே இல்லை. மூன்று கடகடவென்று ஆடின. ஒன்று முதல் தோட்டாவோடு சிக்கிக்கொண்டது. மீதி இரண்டை யாரும் சுட்டுப் பார்க்கக்கூட இல்லை. முதலில் ஒரு கிழவர் சிரித்தார், அப்புறம் மேடு முழுக்கச் சிரிப்பு. ராத்திரி டிவியில் துண்டு துண்டாய்ப் போன துப்பாக்கி என்று போட்டார்கள். வடிவமைப்பே தப்பு, வடிவமைத்தவளுக்கு அனுபவம் இல்லை என்று யாரோ டை கட்டிக்கொண்டு பேசினார். ஊரில் யாருக்கும் வருத்தமில்லை. நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள்.

இரண்டு நாளில் செய்தி வந்தது: ரசிம் அந்தப் பெண்ணை அனுப்பப்போகிறான், அவளை இனி எந்தப் பட்டறையும் சேர்க்காது. நஸ்மி தர்ஹானாக் கஞ்சியை ஆற விட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

“அத்தை, நல்லா செஞ்சது எப்படித் தப்பாகும்?”

“ஆகாது.”

“அப்ப அந்தப் பொண்ணு செஞ்சது தப்பா?”

“அதுவும் இல்லைன்னுதான சொல்ற.”

“ரெண்டு பேரும் தப்பு செய்யலைன்னா அப்புறம் எப்படிச் சிக்குச்சு?”

எனக்கென்ன தெரியும்? வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். அவள் அவள் ஊருக்குப் போய்விடுவாள், நீ இந்த ஊரில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும், உன் பெயர் போனால் திரும்பாது என்றேன். அப்படிச் சொன்னது நான்தான், மறைக்கவில்லை. மறுபடியும் அதையேதான் சொல்வேன். அவன் கேட்கவில்லை. விடிந்ததும் பட்டறைக்குப் போனான். சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டான் என்று சாக்கு வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

முற்றத்தில் ரசிம், பெர்ரின், பத்துப் பதினைந்து ஆட்கள். பெர்ரினின் பெட்டி வாசலில் இருந்தது. நஸ்மி நேராகப் போய், நான் அரம் போட்டேன் முதலாளி, பத்துக்கும் போட்டேன் என்றான். ரசிம் நம்பவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற உளறுகிறான் என்று நினைத்துவிட்டான். நஸ்மி தார்ப்பாயை விரிக்கச் சொன்னான். அன்றைக்குக் கலந்துபோன குழல்களும் உடல்களும் கிடந்த குவியலுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். ஒரு குழலை எடுத்து அதன் அடியில் கட்டைவிரலை ஓட்டினான். எட்டு உடலைத் தொட்டுவிட்டு ஒன்பதாவதை எடுத்தான். உள்ளே போனது, சத்தமே வரவில்லை. இப்படியே பத்தும். ஒரு எண்ணும் கிடையாது, ஒரு அடையாளமும் கிடையாது, விரல் மட்டும்தான். வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

 ரசிம் அவனைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். பெர்ரின் ஒரு துப்பாக்கியை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உஸ்தா, இதைவிட நல்லா உட்கார்ற துப்பாக்கிய நான் தொட்டதில்லை” என்றாள். “ஆனா சண்டைக்கு நடுவுல ஒருத்தன் குழல் உடைஞ்சா, பக்கத்துல கிடக்கிற எவனோட குழலையோ மாட்டணும். அந்த நேரத்துல நீங்க அங்க இருக்க மாட்டீங்களே.”

நஸ்மி அவள் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கித் தார்ப்பாயில் வைத்தான். அப்புறம், “இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றான். “சொன்னேனே” என்றாள் அவள். சொன்னாள்தான். அவனும் கேட்டான்தான்.

பெர்ரினின் பெட்டி திரும்ப உள்ளே போனது. மெஷினிலிருந்து புதிதாகப் பத்து வந்தன, அரம் படாதவை. அதிகாரிகள் மறுபடி வந்து கலந்தார்கள். எல்லாம் பூட்டின, எல்லாம் சுட்டன. டிவிக்காரர்கள் இந்தத் தடவை வரவில்லை. கையில் எடுத்தால் கலகலவென்று ஆடுகிற துப்பாக்கி சிக்காமல் சுடுகிறது, அசையாமல் உட்கார்ந்த துப்பாக்கி சிக்கிக்கொண்டது. இதை யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

ரசிம் அவனை வெளியே போகச் சொல்லவில்லை, பழைய இரட்டைக்குழல் மேசையைத் திருப்பிக் கொடுத்தான். இவன் இருந்திருப்பான், ஊர்தான் விடவில்லை. பெண்கள் பொறாமை என்றார்கள். அதையாவது காதில் வாங்காமல் போய்விடலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தேநீர்க் கடைக்குப் போனால், மூத்த உஸ்தாக்கள் எழுந்து இடம் விட்டார்களாம். அவன் கிளாஸில் சர்க்கரைக்கட்டியைத் தங்கள் கையாலேயே போட்டார்களாம். நம்ம மானத்தைக் காப்பாத்திட்ட நஸ்மி, அந்தப் பிளாஸ்டிக் பொம்மையை நல்லாக் கவுத்த என்று தோளில் தட்டினார்களாம். கவிழ்க்கவில்லை என்று இவன் சொல்லச் சொல்லக் கண்ணடித்தார்களாம். கிளாஸைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

“திட்டுறவனும் கெடுத்தேங்கிறான், பாராட்டுறவனும் கெடுத்தேங்கிறான் அத்தை. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒண்ணக்கூடக் கெடுத்ததில்ல.”

கொன்யாச் சமவெளியில் டிராக்டர் பழுது பார்க்கிற இடம் ஒன்றில் ஆள் கேட்கிறார்கள் என்றான். அங்கே உதிரிப் பாகமெல்லாம் பெட்டியில் வருமாம், எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் எந்த டிராக்டரிலும் பொருந்துமாம். உனக்கு அங்கே என்ன வேலை என்றேன். பார்க்கணும் என்றான். போகாதே என்று மூன்று நாள் சொன்னேன். நான்காம் நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொடுத்தேன்.

அரங்களைத் துணியில் சுருட்டி என் அலமாரியில் வைத்தான். எண்ணெய் போட்டு வை அத்தை, துருப்பிடிக்கும் என்றான். வாசல் கதவைத் திறந்தான். மழைக்காலத்தில் அது கீழே உரசும். அவன் கை தானாகக் கதவின் விளிம்புக்குப் போனது, கட்டைவிரல் ஒரு தடவை ஓடியது. பிறகு கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“உரசுது அத்தை.”

“உரசட்டும். நீ வந்து பார்த்துக்கோ.”

குல்லு எதிர் ஜன்னலில் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். ஊருக்குப் போகிறவன் பின்னால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மாதிரி போய் வருவான் என்பார்கள். நான் செம்பை எடுக்கவில்லை. குடத்தையே தூக்கிக்கொண்டு வந்து, அவள் பார்க்கப் பார்க்க, படி முழுக்கக் கவிழ்த்தேன். நஸ்மி திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனான்.