குத்துமதிப்பாக எண்பத்தைந்து கிலோ

புது லேடி டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது நாள், முப்பத்தொரு வருட சர்வீஸில் முதல்முறையாக ஒரு நோயாளியின் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் போகக்கூடிய சின்ன ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். இதைப் படிக்கிற இளைய நர்சுகளுக்கு எடை மெஷின் கதை தெரிந்தால் போதும்.

அந்த மெஷின் ஓ.பி. வராந்தாவில், வரிசைக்கு நேர் எதிரே கிடந்தது. நான் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்து "அம்பத்தாறு!", "எழுவத்தொண்ணு!" என்று குரல் கொடுப்பேன். கவுண்டரில் இருப்பவர் அதைக் கேட்டுச் சீட்டில் எழுதுவார். காலை முழுக்கக் காய்கறி ஏலம் மாதிரிதான் இருக்கும். எனக்கு முன்னால் இருந்த சிஸ்டரும் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். அதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அமுதாவுக்குத் தோன்றியது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள், முப்பத்தாறு வயது, நல்ல கனத்த உடம்பு. சர்க்கரை மாத்திரைக்காக மாதம் ஒருமுறை வருவாள். முதல்முறை நான் அவளை மெஷினில் ஏறச் சொன்னபோது வரிசையில் நின்ற ஒருத்தர், "பசங்க முட்டையெல்லாம் எங்க போவுதுனு இப்ப தெரியுது" என்றார். வராந்தாவே சிரித்தது. அவள் வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"வேணா சிஸ்டர். மாத்திர மட்டும் குடுங்க, வாங்கிக்கினு போயிடறேன்."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கவுண்டரைப் பார்த்து "எம்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அப்படியே மூன்று வருடம் ஓடியது. அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஏதோ பெரிய உபகாரம் செய்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

பழைய டாக்டரிடம் அவள் இரண்டு முறை, எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "எம்பத்தஞ்சு கிலோவுக்கு ஆபரேஷனாம்மா? சோத்தக் கொற" என்று அனுப்பிவிட்டார். இரண்டு முறையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த எண் என்னுடையது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

புது டாக்டர் வந்ததும் அமுதா மறுபடி வந்தாள். மூன்று வருடச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எதையும் மறந்துவிடக் கூடாது என்று நோட்டுக் காகிதத்தில் எழுதிவைத்து, பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"முட்டி ரெண்டும் போயிடுச்சி மேடம். சோத்து அண்டாவ எறக்க முடில. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது, வூட்டுக்காரரு தட்டி எய்ப்பி வுடறாரு. ராத்திரி சோத்த வுட்டேன், ஒரு வருசம் ஏரிக்கரைல நடந்தேன். ஒன்னியும் ஆவல. அந்த ஆபரேசனுக்கு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க."

டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மூணு வருஷமா எம்பத்தஞ்சு. ஒரு கிலோ ஏறல, ஒரு கிலோ எறங்கல. யார் சிஸ்டர் எடை எடுத்தது?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அமுதா அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கல மேடம். குத்துமதிப்பா நான் சொன்னது."

டாக்டர் சத்தம் போடவில்லை. "இத வச்சு லெட்டர் எழுதினா அங்க நம்ப மாட்டாங்க. இப்பவே எடுங்க" என்றார்.

அமுதா எழுந்துவிட்டாள். "வராந்தாலயா? வேணா மேடம்." சீட்டுகளைத் திரும்பக் கவருக்குள் போட ஆரம்பித்தாள். இப்போது போனால் இவள் திரும்ப வரமாட்டாள் என்று எனக்கு உறைத்தது. ஓடிப்போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஊசி போடும் ரூமில் வைத்தேன். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். அவ்வளவு சின்ன வேலை அது. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

அவள் ஏறினாள். நூற்று இருபத்தொன்று. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வூட்ல கேக்கும்போதெல்லாம் எம்பத்தஞ்சுதானு சொல்லிக்கினு இருந்தேன் சிஸ்டர். அவ்ளோ கம்மியா இருக்காதுனு எனக்கும் தெரியும். நர்சே எழுதிக் குடுத்துட்டாங்களே, அவ்ளோ மோசம் இல்ல போலகீதுனு நெனச்சிக்கினேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

பழைய எடைகள் மெஷினில் எடுத்தவை அல்ல என்று சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் லெட்டர் கொடுத்தார். எனக்கு மெமோ வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், வரவில்லை. மெஷின் மட்டும் வராந்தாவுக்குத் திரும்பிப் போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்டெல்லாம் எடுத்துவிட்டு, சில மாதம் சாப்பாட்டு முறையை மாற்றி எடையைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மாதாமாதம் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தோம். நூற்றுப் பத்தொன்பது, அடுத்த மாதம் நூற்று இருபது. ஏறினபோது ஏறினதையே எழுதினேன். நோயாளிமேல் இரக்கம் இருந்தால் கதவைச் சாத்துங்கள், முள் காட்டுவதை மட்டும் மாற்றாதீர்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நான் ரிடையர் ஆன நாள் அவள் வந்தாள். நூற்றுப் பதினாறு. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம், முகமெல்லாம் சிரிப்பு. இறங்கினவள் என் பாக்கெட்டிலிருந்து பேனாவை உருவினாள்.

"நீங்க ஏறுங்க சிஸ்டர். நான் எழுதறேன்."

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நானும் ஒல்லி இல்லை. அத்தனை வருடமும் நான் அந்த மெஷினில் ஏறியதில்லை. எப்படியும் எண்பதுக்குள்தான் இருப்பேன் என்று ஒரு நினைப்பு. அன்றைக்கு அமுதாவுக்குச் சொன்ன எண்பத்தைந்துகூட, என் எடை என்று நானாக நினைத்திருந்ததோடு கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்.

"எம்பதுனு போட்டுக்கோ, போ" என்றேன்.

"இன்னா சிஸ்டர், மறுபடியும் குத்துமதிப்பா?" என்று கதவைச் சாத்தினாள்.

ஏறினேன். குனிந்து முள்ளைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தொண்ணூத்தி மூணு" என்றாள். அதையே எழுதிக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நானும் ஓ.பி. வரிசையில் போய் நின்றேன்.