நேர்ந்துவிட்ட கோழி

எங்கள் வீட்டுக் கோழிகளில் ஒன்றுக்கு மட்டும் நான் சாவு நாளைக் குறித்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து திரும்பி வரும் நாள் அது. அவர் வாசலில் கால் வைத்ததும் அந்தச் சிவப்புப் பெட்டையை அறுத்து, சோறாக்கி, பாத்திஹா ஓதி, தர்கா வாசலில் இருக்கும் ஏழைகளுக்குக் கொடுப்பதாக மனசுக்குள் நேர்ந்துகொண்டேன். நேர்ச்சைக் கோழியை வேறு எதற்காகவும் அறுக்கக்கூடாது, அதில் ஊனமும் இருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வரும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும், முழுசாகவும் இருக்க வேண்டும்.

பாலக்கரையில் எங்கள் வீடு வாசலிலிருந்து கொல்லைவரை நீண்டு கிடக்கும். அதில் நானும் மாமியும்தான். மாமி என்றால் என் வீட்டுக்காரரைப் பெற்றவர். எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. உலை வைத்தாயிற்றா, விளக்கு ஏற்றியாயிற்றா என்பதோடு சரி. கல்யாணமான சூட்டோடு என் வீட்டுக்காரர் கப்பலேறிவிட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் கோழிகளிடம்தான். அதிலும் அந்தச் சிவப்புப் பெட்டைக்குத் திமிர் அதிகம். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பேச்சு முடிவதற்குள் எழுந்து போய்விடும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடுதாசி நின்றுபோயிற்று. காட்டுவழியாக நடந்தே தப்பித்து வந்தவர்கள் ஊருக்குள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எங்கள் தெருவுக்கும் சிலர் வந்தார்கள். அவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. செத்ததைப் பார்த்ததாகவும் சொல்லவில்லையே என்று நான் அதையே நல்ல சேதியாக வைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் கொல்லையில் கீரி புகுந்துவிட்டது. சத்தம் கேட்டு நான் விறகுக்கட்டையோடு ஓடியபோது சிவப்புப் பெட்டை துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்தது. இறக்கைக்குக் கீழிருந்து வால்வரை தோல் கிழிந்து தொங்கியது. உள்ளே சதை தெரிந்தது. மற்றக் கோழிகள் அதைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தையே கொத்த ஆரம்பித்திருந்தன. கூடப் பிறந்ததுகள் என்ற ஈவிரக்கம் கிடையாது. துரத்திவிட்டு அதை முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.

மாமி பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையனைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மோதினார் கத்தியோடு வந்துவிட்டார். தெருவில் யார் வீட்டில் கோழி அறுப்பதென்றாலும் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்ளும் அவர்தான் வருவார்.

"உசுரு இருக்கும்போதே அறுத்துடணும்மா. தானாச் செத்துட்டா ஹராமாப் போயிடும், யாருக்கும் ஆகாது" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அறுக்க வேணாம்னு சொல்லுங்க மாமி" என்றேன். "அது நேர்ச்சைக் கோழி. அவங்க வந்தாத்தான் அறுக்கணும்."

அதுவரை அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "நீங்க போயிட்டு வாங்க" என்று மோதினாரை அனுப்பிவிட்டார். என்னிடம், "நிக்கிறியே, வெந்நி போடு" என்றார்.

மாமி கோழியை மடியில் கிடத்தி, அதன் கண்ணைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டார். காயத்தைச் சுற்றி இருந்த இறகுகளைக் கத்தரித்தேன். உப்புப் போட்டு ஆறவைத்த வெந்நீரால் மண்ணும் ரத்தமும் போகக் கழுவினேன். ஊசியை நெருப்பில் காட்டி, தோலை இழுத்துச் சேர்த்துத் தைத்தேன். எனக்குத் தையல் நன்றாக வரும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு நூலிழை இடைவெளி விடாமல் தைத்துவிட்டேன். மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, ஈ மொய்க்காமல் இருக்க உள்ளறையில் பஞ்சாரக் கூடையால் மூடிவைத்தேன்.

இரண்டொரு நாளில் காயம் வீங்கி நாற்றமடித்தது. கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. மாமி குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"ரவிக்கையா தைச்சே? சீழு வெளிய வர வழி வேணாமா? கீழ்த்தையலைப் பிரி."

பிரித்தேன். அழுத்தி அழுத்திச் சீழை எடுத்தோம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து விட்டோம். மாமி அலகைப் பிரித்துக் கொடுக்க, நான் கேழ்வரகுக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் மாமி தன் மகனைப் பற்றி என்னிடம் பேசினார். சின்ன வயசில் அவருக்குக் கோழி என்றால் பயமாம். சேவல் துரத்தி மாடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு அழுதாராம். என் வீட்டுக்காரர் என்னிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. சொல்ல நேரம் எங்கே இருந்தது? சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது.

கோழி பிழைத்துக்கொண்டது. தழும்பின் மேல் இறகும் முளைத்தது. பிறகொரு நாள் வேறு கோழி அறுக்க வந்த மோதினார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லம்மா, நேர்ச்சைக்கு ஆகும்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில், என் வீட்டுக்காரர் ஜங்ஷனில் ரயிலிறங்கிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன்.

அவர் வரவில்லை. யுத்தம் முடிந்து, கப்பல் விட்டு, வர வேண்டியவர்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் வரவில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் அது ஜம்மென்று வெளியே வரும். அதைக் காப்பாற்றப் பட்ட பாட்டை நினைத்துக்கொள்வேன். அது உயிரோடு நிற்பதைப் பார்க்கவே ஆத்திரமாக வரும். இரையை எடுத்து அதன் முன்னால் வீசி எறிவேன். அது நிதானமாகப் பொறுக்கித் தின்னும்.

பிறகு முட்டை நின்றது. கிழடு தட்டிப்போய் நிழல் பார்த்து உட்கார்ந்தே கிடந்தது. ஒரு நாள் கஞ்சியும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்பது மாமிக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பள்ளிவாசல் கூப்பிடு தூரம். உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டால் நாலு ஏழைகளுக்காவது ஆகும். நான் மாமி வாயைப் பார்த்தேன், மாமி என் வாயைப் பார்த்தார். மோதினாரைக் கூப்பிட்டால், என் வீட்டுக்காரர் இனி வரமாட்டார் என்று நாங்களே சொன்னதாகிவிடும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அது தானாகவே செத்துப்போனது. யாருக்கும் ஆகாமல் போயிற்று. கொல்லையில் குழி தோண்டி மூடினோம்.

கை கழுவிவிட்டு வந்த மாமி என்னை விளக்குக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, கல்யாணத்தன்று தாலியாகத் தன் கையால் என் கழுத்தில் கட்டிவிட்ட கருகமணியின் முடிச்சைத் தேடினார். கோழி துடித்தபோதும் பிடி விடாத கை அது. அன்றைக்கு வெகு நேரமாகியும் அந்த முடிச்சு அவர் கைக்கு வரவில்லை.

"நானே கழட்டிக்கிறேன் மாமி" என்றேன்.