பையில் ஒளித்த கடிதம்

கடல் தாண்டி மெயின்லேண்ட் கல்லூரியில் ஜியாலஜி படிக்க என் மகளுக்கு வந்த அட்மிஷன் கடிதத்தை நான்தான் ஒளித்து வைத்தேன். பெண் பிள்ளைக்குப் பாறையும் பூகம்பமும் எதற்கு, இங்கேயே டீச்சர் டிரெயினிங் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

"லெட்டர் வந்துச்சாப்பா?" என்று தினமும் கேட்டாள்.

"வரலம்மா" என்று கூசாமல் சொன்னேன்.

ஒளித்த இடம், வாசல் கதவில் தொங்கும் பை. சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவில், நாங்கள் இருக்கும் லம்பா லைன் பகுதியில் பல வீடுகளில் அப்படியொரு பை உண்டு. ரேஷன் கார்டு, சர்டிபிகேட் எல்லாம் அதில் இருக்கும். நிலம் ஆடினால் எடுத்துக்கொண்டு ஓடுவோம். மற்ற நாளில் யாரும் தொடமாட்டோம்.

ஆறாம் நாள் காலை பாத்திரங்கள் லேசாகக் கிடுகிடுத்தன. பையோடு வெளியே ஓடினேன். பின்னால் வந்த மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஏக், தோ, தீன்..." என்று பள்ளியில் பழகிய இந்தியில் எண்ணினாள். பன்னிரண்டில் பெரிய ஆட்டம் வந்தது. தடுமாறி விழுந்தேன். பை கவிழ்ந்தது. அவள் பெயர் போட்ட உறை அவள் காலடியிலேயே கிடந்தது.

உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவுல பன்னிரண்டு செகண்ட். பூகம்பம் கிளம்பின இடம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்ப்பா" என்றாள்.

"பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. அதனாலதான் எண்ணுறேன். அதனாலதான் படிக்கவும் கேட்டேன்."

அன்றே கப்பல் டிக்கெட் வரிசையில் போய் நின்றேன். ஏன் ஒளித்தீர்கள் என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடமே சொல்லியிருப்பேன், இதை எழுதியிருக்க மாட்டேன்.