ஜோசி பெட்டிக்கு முன்னால் விழுந்த அறை

ஜோசி போய்விட்டான்.

நேற்று கொச்சியில், தோப்பும்படியில், அவனுடைய போட் எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். இன்று அடக்கமும் முடிந்தது.

காலேஜ் குரூப்பில் எல்லோரும் மெழுகுவர்த்தி எமோஜி போடுகிறார்கள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவனைத் தெரியாதவர்களுக்கு... களமசேரிப் பக்கம் நாங்கள் படித்தது ஒரு ரெசிடென்ஷியல் காலேஜ். வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் ஹாஸ்டலில்தான் தங்கணும். வாத்தியார்களுக்கும் அதே கட்டடம், அதே மெஸ். சேர்ந்து வாழ்வதே படிப்பு என்று ப்ராஸ்பெக்டஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சேர்ந்துதான் வாழ்ந்தோம். சேர்ந்துதான் அடித்தும்கொண்டோம்.

முதல் வாரமே மெஸ்ஸில் அவன் என்னைப் பார்த்து, "எடா பாண்டி, ஆ சாம்பார் இங்கோட்டு தள்ளு" என்றான். தமிழனை மட்டம் தட்ட இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் பிறந்தது இதே கொச்சியில், மட்டாஞ்சேரி. என் அப்பா பிறந்ததும் மட்டாஞ்சேரி.

"உங்கப்பன்டா பாண்டி" என்று சாம்பார்க் கரண்டியாலேயே அவன் நெற்றியில் போட்டேன். பதிலுக்கு அவன் விட்ட குத்தில் என் முன்பல் தட்டில் விழுந்தது. இரண்டு பேர் ரத்தமும் சாம்பாரோடு மேஜையில் ஓடியது.

எங்கள் ஹாஸ்டலில் இதற்கு சஸ்பென்ஷன் கிடையாது. அடித்துக்கொண்ட இரண்டு பேரையும் வருஷம் முழுக்க ஒரே ரூமில் போட்டுவிடுவார்கள். மாணவர் கமிட்டிதான் தீர்ப்பு சொல்லும். பையன்கள் அதற்கு வைத்த பெயர் 'கல்யாணம்'. எங்கள் கல்யாணத்தன்று மெஸ்ஸில் பாயசம் வேறு ஊற்றினார்கள், பாவிகள்.

ரொம்ப நாள் பேசவே இல்லை. ஒருநாள் அவன் என் சோப்பை எடுத்தான், நான் அவன் பக்கெட்டை மாடியிலிருந்து வீசினேன். கட்டிப் புரண்டோம். நடுவில் எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது...

அப்புறம் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் கெட்ட வார்த்தைதான். கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டான்.

ஜோசி நீச்சல்காரன். யூனிவர்சிட்டி டீம். தண்ணீரில் இறங்கினால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

கடைசி வருஷம் நான் காலேஜ் எலக்‌ஷனில் நின்றேன். எதிர் பிளாக்கிலிருந்து ஒரு கும்பல் இரும்புப் பைப்போடு வந்து எங்கள் ரூம் கதவை உடைத்தது. தேடி வந்தது என்னை. ஜோசி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றான். முதலில் நுழைந்தவனின் மண்டையைப் பிளந்தான்.

அடுத்து வந்தவன் வினு. எங்கள் கிளாஸ்தான். என் தலைக்கு ஓங்கிய பைப்பை ஜோசி வலது தோளில் வாங்கினான். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது.

அவன் கீழே விழுந்த பிறகும் வினு அதே தோளில் இன்னொன்று போட்டான். கீழே கிடந்தவனை! அந்த இரண்டாவது அடி... அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அந்தக் கை அதற்கப்புறம் தோளுக்கு மேலே ஏறவே இல்லை. நீச்சல் போச்சு.

இந்தத் தடவை போலீஸ் வந்தது. வினுவை டிஸ்மிஸ் செய்தார்கள். ஜெயிலுக்கும் போனான்.

ஆஸ்பத்திரியில் ஜோசி, "அவனை எந்தினாடா வெளிய அனுப்பினீங்க? என் ரூமுக்கு அனுப்பியிருக்கணும்" என்றான். மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்தேன்.

"அவனை நான் கொல்லாம விடமாட்டேன்டா" என்றேன்.

"முதல்ல ஒழுங்கா அடிக்கக் கத்துக்கோடா" என்றான். கூடவே நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்று. அதை இங்கே எழுத முடியாது.

எனக்கு கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்பேன். "வேண்டாம் அளியா, நான் அங்கோட்டு வராம்" என்று அவனே மட்டாஞ்சேரிக்கு வந்துவிடுவான். எப்போதும் அப்படித்தான். நானும் யோசித்ததில்லை.

இன்று காலை முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். ஹாலில் சவப்பெட்டி. தலைமாட்டில் தரையில் ஒருத்தன், நரைத்த தாடியோடு. நிமிர்ந்து பார்த்தான்.

வினு.

சட்டையைப் பிடித்துத் தூக்கி அறைந்தேன். சுவரில் போய் மோதினான். இழுத்து மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்தது. அவன் தடுக்கக்கூட இல்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்தும் திமிறினேன்.

ஜோசியின் மனைவி லிஸ்ஸி ஓடிவந்தாள். ஜோசியோடு மட்டாஞ்சேரிக்கு வரும்போதெல்லாம் எனக்காகத் தமிழ் கலந்து பேசுவாள். "விடுங்க சேட்டா! நேத்து அவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது இவன்தான்!"

"இவன் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாமலா? ஜெயில்லேந்து வந்தப்ப அவரே போய்க் கூட்டிட்டு வந்தாரு. ஒர்க்‌ஷாப்ல வேலை, எங்க மாடியிலதான் தாமசம், சாப்பாடு எல்லாம். அடிச்சவன் கூடத்தான் இருக்கணும், அதாணு எங்க ஹாஸ்டல் சட்டம்னு சொல்வாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வந்தா இப்படித்தான் அடிப்பீங்கன்னு..."

என்னைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள்.

பெட்டியைத் தூக்கும்போது இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உதட்டில் ரத்தத்தோடு வினு. சர்ச் சிமித்தேரி வரைக்கும் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

ஜோசி, நீ மன்னித்திருக்கலாம். அடி வாங்கினவன் நீ. நான் மன்னிக்கவில்லை. இன்று அடித்ததற்கு வருத்தமும் இல்லை.

ஆனால் அவனுக்காக என்னை உன் வீட்டு வாசலை மிதிக்கவிடாமல் வைத்திருந்தாயேடா, நாயே... இத்தனை வருஷமா...

லிஸ்ஸி சாயா கொடுத்தாள். உன் வீட்டில் நான் குடித்த முதல் சாயா.

போய் வாடா.