உள்ளங்கையில் ஒரு கண்ணாடி

நீலகிரித் தைலம் கலந்த மருதாணியின் வாசம் எங்கிருந்து வந்தாலும் என் இடது கை தானாக விரிந்துகொள்கிறது. சிம்மக்கல் பக்கத்துச் சந்து வீட்டில் வளர்ந்த நாளில் அந்தக் கைதான் என் நோட்டு. நூலகப் புத்தகம், இஸ்திரித் துணி, கணக்கு டியூசன் என்று அன்றைய வேலைகளைக் காலையிலேயே நீலப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, முடிந்ததை எச்சில் தொட்டு அழித்துவிடுவேன். வீட்டில் எனக்குப் பேரே "சிலேட்டு". கையில் எழுதாத வேலை எனக்கு நினைவிருந்ததே இல்லை.

அக்காவின் நிக்காஹுக்கு முந்தின நாள் எல்லோருக்கும் மருதாணி. கையைக் கழுவச் சொன்னதும் எனக்கு அழுகை முட்டியது. மறுநாளைய பெரிய வேலை அதில்தான் இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அக்காவுக்குச் சாணுக்கு அப்பால் எல்லாமே புகைமூட்டம். மணப்பெண் கண்ணாடியோடு மேடையில் உட்காரக் கூடாது என்று பெரியம்மா கறாராகச் சொல்லிவிட்டதால், அதைப் பத்திரமாக வைத்திருந்து, மாமியார் வீடிருக்கும் பேரையூருக்குக் கார் ஏறும்போது கொடுப்பது என் பொறுப்பு. அக்கா தன் கைக்கு மருதாணி வைக்குமுன் மருதாணிக் கோனை வாங்கி, என் உள்ளங்கையில் கொடியும் பூவும் வரவேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதினாள்.

"இனி எச்சியத் தொட்டு அழி பாப்போம்," என்றாள்.

மறுநாள் மண்டபத்தில் என் கையைப் படித்த மாமிமார் ஆளாளுக்கு முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மூன்று சேர்ந்தன. மூன்றிலும் மாறி மாறி முகம் பார்த்த குஷியில் வேலை மறந்தே போனது. கார் கிளம்பும்போது அம்மா அழ, அத்தா அழ, நானும் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். செக்கச்செவேலென்று அந்தச் சொல் நின்றது. அக்காவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கார் சன்னலில் நீட்டினேன். அக்கா அதை மாட்டிக்கொண்டு முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத்தான் உங்க முகமே தெரியுது. இம்புட்டு மீசையா?"

அழுதுகொண்டிருந்த அத்தாதான் முதலில் சிரித்தார்.

இப்போது என் வேலைகளெல்லாம் அலைபேசியில். நேரத்துக்கு மணியடிக்கிறது; முடித்து ஒரு தட்டுத் தட்டினால் வரியே காணாமல் போகிறது. கையில் கிறுக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகளையும் தெருவில் காணோம். செய்து முடித்த பிறகும் அழிக்க முடியாமல் என்னிடம் தங்கிய வேலை அது ஒன்றுதான். அக்கா பேரையூர் போன பிறகு, அவள் இல்லாத வீட்டில் அந்தச் சொல் தினமும் கொஞ்சம் வெளிறுவதைப் பார்க்கப் பார்க்க அவள்மேல் அம்புட்டு ஆசையாக இருந்தது. கடைசி எழுத்தும் மறைந்த அன்று, அதே இடத்தில் நீலப் பேனாவால் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்: "பேரையூர்."