பதினெட்டு வளைவில் நின்றுபோகும் காற்று

மறுபடியும் அதே கார்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் கராஜ் வாசலில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மறுபடியும் வந்து நின்றதைப் பார்த்ததும், முதலாளி சிவநேசன் குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாகன ஏசி வேலையிலேயே தலை நரைத்தவன் நான். எங்கள் தொழிலில், சரிசெய்து அனுப்பிய வாகனம் திரும்பி வருவதைப் போல மானத்தை வாங்குவது வேறு எதுவுமில்லை. இந்தக் காருக்கு ஏற்கெனவே ஒரு முறை காஸ் அடித்து, பெல்ட் மாற்றி, கும்பிட்டு அனுப்பியிருந்தோம்.

ஜப்பானில் செய்த பழைய கார் அது. இரண்டே சீட். லைட்டைப் போட்டால் பொனட்டிலிருந்து இரண்டு கண்கள் எழும்பி வந்து பார்க்கும். அதை ஓட்டி வந்தவர் மடவளையைச் சேர்ந்த ஜெசீமா. கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் அந்தக் காரை ரிவர்ஸில் எடுத்து, எங்கள் சர்வீஸ் குழிக்கு மேல் ஒரே வெட்டில் நிறுத்துவதைப் பார்ப்பதற்காகவே பக்கத்து டயர் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள்.

பக்கத்து சீட்டில் அவர் கணவர் நவாஸ். மடவளையில் பேக்கரி வைத்திருந்தவர். பாண் சுடும் போறணை அடுப்பருகே காஸ் பற்றிக்கொண்டதில் கழுத்துக்குக் கீழே உடம்பில் பெரும்பகுதி வெந்துபோய், தோல் ஒட்டிப் பிழைத்தவர்.

"அண்ணன், இங்க நிக்கக்கொள்ள நல்லாத்தான் குளிருது" என்றார் ஜெசீமா. "ஹுன்னஸ்கிரிய தாண்டி பதினெட்டு வளைவுல எறங்கக்கொள்ள காத்தே வார இல்ல. நேத்தும் கீழ ஹசலக்கயோட திரும்பிட்டோம். இவருக்கு மொகமெல்லாம் செவந்து, பேச்சே கொழறிட்டு."

"கீழ வெயில் கூடதானே தங்கச்சி. கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டா..."

"இவருக்கு வேர்க்கிற இல்ல அண்ணன். ஒட்டின தோலுக்கு வேர்க்க ஏலா."

நான் நவாஸ் நானாவைப் பார்த்து வழக்கம்போல வாயை விட்டேன். "அப்ப நல்லதுதானே நானா, சட்டை நனையாது."

நவாஸ் சிரித்தார். கோபித்துக்கொள்கிற மனிதர் அல்ல அவர். "தங்கவேல், ஒங்கட கூலிங் கொயில்ல காஸ் ஆவியாகுறதுக்கும் ஒடம்புல வேர்வ ஆவியாகுறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் சூட்டத்தானே எடுத்துக்கொண்டு போகுது. மனுசன்ட தோலும் ஒரு கொயில்தான். வேர்த்து, அது காஞ்சாத்தான் உள்ளுக்குக் குளிரும். என்ட கொயில் எரிஞ்சிட்டு."

இத்தனை வருடம் ஏசியோடு குடும்பம் நடத்திய எனக்கு இது தோன்றியதே இல்லை. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தேன். துடைத்த ஈரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட சர்வீஸ் பண்ணாத ஏசி ஒன்று என் உடம்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேறு வேன் ஒன்றைப் பிடித்துப் போனால் என்ன என்றும் கேட்டேன். முழங்காலுக்குப் பின்னால் தோல் இறுகிவிட்டதால் சாதாரண சீட்டில் காலை மடக்கி உட்கார அவரால் முடியாதாம். இந்தக் காரில் மட்டும்தான் காலை நீட்டி, பாதி படுத்த மாதிரிப் போகலாம். ஆசைக்கு வாங்கிய கார் இப்போது அவருடைய ஒரே வாகனம். விபத்துக்குப் பிறகுதான் ஜெசீமா அதை ஓட்டப் பழகியிருக்கிறார்.

அவசரம் என்னவென்றால், அவர்களுடைய ஒரே மகள் ரிஸ்னா மஹியங்கனையில் இருக்கிறாள். தலைப் பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. மருமகன் கட்டாரில். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டும்.

"வேற ஆராவது சொல்ல ஏலும்தான்" என்றார் நவாஸ். "ஆனா மகள் என்னத்தான் கேக்குறா. நெருப்புல வெந்து ஆஸ்பத்திரியில கெடக்கக்கொள்ள என்ட காதுல ஓதிக்கொண்டே இருந்தவ அவதான்."

நான் பொனட்டைத் திறந்தேன்.

நல்ல கார், கெட்ட பெயர்

காஸ் அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டிப் பார்த்தேன். ஹை சைட், லோ சைட் இரண்டும் சொல்லிவைத்த மாதிரி நின்றன. லீக் இல்லை. கொம்ப்ரசர் சத்தம் சுத்தம். புளோவர் நன்றாக ஊதியது. உள்ளே வைத்த தெர்மோமீட்டர் இறங்கிக்கொண்டே போனது.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கும் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "காஸ் ஒரு சொட்டும் இறங்கேல்லை. கொம்ப்ரசர் குதிரை மாதிரி நிக்குது. பிழை காருக்குள்ள இல்லை, தங்கவேல். உவையின்ர மனசுக்குள்ள. பயந்த ஆக்களுக்கு எல்லாம் வெக்கைதான்."

அவருடைய வாயை அடைக்க நானே காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். திகன, தெல்தெனிய தாண்டி ஏற்றம். எனக்கு அது சொந்தப் பாதை. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. ஏசியை அணைத்து, இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போகும். மலைக்காற்று சும்மா வரும்போது ஏசி போட்டுக்கொண்டு போகிறவனை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். தெரிந்த கடையில் ஒரு பிளேன்டீ, வடை, கொஞ்சம் ஊர்வம்பு. பிறகு வளைவுகளில் இறங்கி, வெயில் ஏறியதும் மறுபடி ஏசியைப் போட்டேன். ஹசலக்கவில் பல் கிட்டுகிற மாதிரிக் குளிர்ந்தது. வெற்றி வீரன் மாதிரித் திரும்பி வந்தேன்.

"பாத்துட்டேன் தங்கச்சி. ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

ஜெசீமா வாதாடவில்லை. "அப்ப இவரக் கூட்டிக்கொண்டு ஒருக்கா போய்ப் பாருங்க அண்ணன்" என்றார்.

முதலாளி என்னைத் தனியே இழுத்தார். "உனக்கென்ன விசரோ? வழியில அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"நான் சொல்றேன் மொதலாளி. இன்னொருக்கா திரும்பி வர்ற மாதிரி இந்தக் கார அனுப்ப எனக்கு மனசு வரல."

ஜெசீமா ஒரு வாளி நிறைய ஈரத் துவாய்களை என் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். தண்ணீர் விசிறும் போத்தல் ஒன்றையும் கணவர் மடியில் வைத்தார். "மொகம் செவந்தா பள்ளத்துக்குப் போக வாணாம் அண்ணன். ஒடனே மேல ஏறிடுங்க."

அணைக்காதீங்க

நவாஸ் நல்ல வழித்துணை. ஏற்றத்தில் செக்கண்ட் கியரில் எஞ்சின் உறும உறும, பாண் மா எப்படிப் பொங்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஹுன்னஸ்கிரிய வந்தது. என் கை ஏசி சுவிட்சுக்குப் போனது.

"வாணாம், அணைக்காதீங்க" என்றார் அவர்.

"வெளிய குளிருதே நானா."

"எனக்குக் குளிர் பிரச்சின இல்ல. ஊட்டுல போட்டா அங்க போய்த்தான் அணைப்போம். பயம்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். தேநீர்க் கடையில் தெரிந்தவர்கள் கையசைத்தார்கள். நிற்கவில்லை. கண்ணாடியை மூடி, ஏசியும் போட்டுக்கொண்டு என் ஊரை நான் தாண்டியது அன்றுதான்.

வளைவுகளில் பாதி இறங்கியிருப்போம். புளோவர் சத்தம் முழுசாகக் கேட்டது. ஆனால் முகத்தில் படும் காற்று மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் குழந்தையின் மூச்சளவுக்கு ஆகிவிட்டது. வெயில் கண்ணாடி வழியாகக் கொட்டியது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. திரும்பிப் பார்த்தேன். நவாஸின் முகம் செங்கல் நிறத்தில், ஒரு துளி ஈரம் இல்லாமல், காய்ந்துபோய் இருந்தது. "தங்கவேல்..." என்றார். அடுத்த சொல் வரவில்லை.

அந்த ஒடுங்கிய வளைவில் காரை எப்படித் திருப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஈரத் துவாயை அவர் தலையிலும் நெஞ்சிலும் போட்டு, கண்ணாடிகளை இறக்கி, வந்த வழியே மேலே ஏறினேன். ஏசியை அணைக்கப் போனபோதுதான் மண்டையில் உறைத்தது. அன்று தனியாக வந்தபோது நான் அணைத்தேன். காற்று வந்தது. இவர்கள் அணைப்பதே இல்லை. காற்று நின்றுபோகிறது. கையை எடுத்துவிட்டேன். அது ஓடட்டும், உள்ளே இருப்பது கலையாமல் இருக்கட்டும் என்று.

ஹுன்னஸ்கிரியப் பனிமூட்டத்துக்குள் வந்து நின்றதும் நவாஸுக்கு நிறம் திரும்பியது, பேச்சும் வந்தது. "பயந்துட்டீங்களா?" என்று என்னையே கேட்டார். ஆமாம், பயந்துவிட்டேன் என்றேன்.

பிறகு அவருடைய காலடியில் குனிந்து, குளோவ் பொக்ஸைக் கழற்றி, புளோவரையும் கொயில் பெட்டியையும் சேர்க்கும் குழாயை உருவி எடுத்து, டோர்ச்சை அடித்தேன்.

உள்ளே வெள்ளை. சுவர் மாதிரி, முழுக் கொயிலையும் மூடி, தடித்த பனிக்கட்டி. ஊசி போகிற இடைவெளிகூட இல்லை. காற்று எங்கே வரும்? ஏற்றத்தில் எஞ்சின் வேகமாகச் சுற்ற, கொம்ப்ரசர் விடாமல் இழுக்க, மூட்டத்தின் ஈரமெல்லாம் கொயிலில் படிந்து உறைந்திருக்கிறது. அணைத்துவிட்டு வடை தின்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது உருகித் தண்ணீராக ஓடிவிடும். கராஜுக்கு வந்து சேரும்போது ஒன்றுமே இருக்காது.

நவாஸ் சிரமப்பட்டு முன்னால் சாய்ந்து, வடு நிறைந்த விரல்களை உள்ளே விட்டுத் தொட்டார். "சுபஹானல்லாஹ்" என்றார். கையை எடுக்கவே இல்லை. வெயிலில் வெந்து சாகப் பார்த்த மனிதரின் முழங்காலுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், இவ்வளவு பனி இருந்திருக்கிறது.

மிளகளவு

மறுநாள் காலையில் கொயில் பெட்டியைப் பிரித்தேன். முதலாளியும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார். கொயில் உறைகிற அளவுக்குக் குளிர்ந்தால் கொம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சென்சர் ஒன்று உண்டு. மெல்லிய வயரின் நுனியில் ஒரு மிளகளவு இருக்கும். அது கொயிலின் தகடுகளுக்கு நடுவில் செருகி இருக்க வேண்டும். எந்தக் காலத்திலோ கொயிலை மாற்றிய யாரோ ஒருவர் அதன் கிளிப் உடைந்ததும் அப்படியே விட்டிருக்கிறார். சென்சர் பெட்டியின் பிளாஸ்டிக் சுவரில் சாய்ந்துகொண்டு, குளிரே தெரியாமல் சுகமாகக் கிடந்தது.

"உந்தச் சின்னச் சாமானோ?" என்றார் முதலாளி.

"இதுதான் மொதலாளி."

"அப்ப பிழை அவையின்ர மனசுக்குள்ள இல்லை." சொல்லிவிட்டு அவரே போய்ப் புதுக் கிளிப் தேடி எடுத்து வந்தார். சென்சரை உரிய இடத்தில் செருகிப் பூட்டினேன். அன்று பின்னேரம் ஏசியை அணைக்காமல் ஹசலக்க வரை ஓட்டினேன். கொம்ப்ரசர் நின்று நின்று வேலை செய்தது. அந்த 'டிக்' சத்தம் கேட்கும் போதெல்லாம் ஒரு மிளகு எனக்காகக் கணக்குப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் டிரைவ் போகும்போது உங்கள் பழக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாடிக்கையாளர் எந்தப் பாதையில், எந்த பட்டனை அழுத்திக்கொண்டு, எதற்குப் பயந்துகொண்டு போகிறாரோ, அப்படியே போங்கள். மெஷின் நம்மிடம் மறைப்பது எதுவுமில்லை. நாம்தான் நடுவழியில் வடை தின்ன நிற்கிறோம்.

அந்த வாரம் முடிவதற்குள் ஜெசீமாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணன், பேரன் பொறந்தீக்கான். வார்டுக்குள்ள சரியான சூடு, இவருக்கு வர ஏலாமப் போச்சு. நர்ஸ்ட கேட்டு பிள்ளய நானே காருக்குக் கொண்டுவந்தேன். ஏசிய மெல்லமா வெச்சு, மடியில குடுத்தேன். பாங்கு சொன்னாரு."

"ஏசி?"

"வழி நெடுக ஒரு கொறையும் இல்ல." பிறகு அவரே தொடர்ந்தார். "வெளிய கொண்டுவரக்கொள்ள பிள்ளக்கி நெத்தியில வேர்த்திருந்திச்சு அண்ணன். துடைக்கப் போனேன். இவரு விடல்ல. அது காயிற வரைக்கும் வெரலால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டே இருந்தாரு."

நான் போனை வைத்தேன். அப்போது முதலாளி வந்து, "என்னவாம், கார் திரும்பி வருதோ?" என்று கேட்டார்.

"இல்ல மொதலாளி" என்றேன். "போய்ச் சேந்துருச்சு."