மேனேஜரின் எச்சில்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு லேபில், எதில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுகிற மாஸ் ஸ்பெக் மெஷின் ஓட்டுகிறேன். ஷிப்ட் வேலைக்காரர்களின் எச்சில் எங்களிடம் வரும். அதில் மெலடோனின் எவ்வளவு என்று அளந்து சொல்வோம். இருட்டினால் மூளை சுரக்கிற, தூக்கம் வரவைக்கிற சரக்கு அது. பகலில் யார் எச்சிலிலும் அநேகமாக இருக்காது. அதனால் முதலில் ஒருவருடைய பகல் எச்சிலை ஏற்றிப் பார்ப்போம். பிளாங்க் என்று பேர். அதற்கு மெஷின் திரையில் கோடு படுத்தே கிடக்க வேண்டும். எழும்பினால் அன்றைய வேலை மொத்தமும் குப்பை.

மற்ற லேபில் பிளாங்குக்கு அங்கே வேலை செய்கிற யாராவது துப்பிக் கொடுப்பார்கள். எங்கள் மேனேஜர் விடமாட்டார். "கண்டவங்க எச்சிலையும் என் மெஷின்ல ஏத்தாத" என்பார். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து தானே துப்புவார். கண்டவங்க என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? நானும் காலனியில் பிறந்தவள்தான்.

திடீரென்று பிளாங்கில் கோடு எழும்ப ஆரம்பித்தது. தினமும் எழும்பியது. மேனேஜர் நேராகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்காவிடம் போனார். கருங்குழியிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

"கழுவத் தெரியாத ஜென்மம். உங்களையெல்லாம் உள்ள விட்டதே தப்பு. நாளைலேர்ந்து வராத."

"நல்லாத்தான் கழுவறேன் சார். இன்னா தப்புன்னு சொல்லுங்க, மாத்திக்கறேன்" என்று கெஞ்சினாள். அவர் போனை நோண்டிக்கொண்டே போய்விட்டார்.

அவள் கிளம்பும்போது ஒரு குழாயை நீட்டி, "அக்கா, இதுல துப்பிட்டுப் போ" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் துப்பிக் கொடுத்தாள். மறுநாள், அவள் கழுவி வைத்த சாமானிலேயே அவளுடையது, என்னுடையது, மேனேஜருடையது மூன்றையும் ஓட்டினேன். எங்கள் இருவர் கோடுகளும் படுத்துக் கிடந்தன. அவருடையது பனைமரம் மாதிரி நின்றது.

அவர் மேஜையில் தூக்கத்துக்கு மெல்லுகிற வெளிநாட்டு மிட்டாய் டப்பா ஒன்று புதிதாக வந்திருந்தது. மேலேயே மெலடோனின் என்று போட்டிருக்கிறது. அதை மென்ற வாயோடுதான் வந்து துப்பியிருக்கிறார், மகானுபாவர். தன் வாயில் அழுக்கு இருக்கும் என்று அவர் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்று கோட்டையும் அவர் முன்னால் வைத்தேன். இப்போது அக்காவைக் கூப்பிடச் சொல்வார் என்று நான் மடச்சி நின்றுகொண்டிருந்தேன்.

"இது வெளிய போவக் கூடாது. அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றார். பிறகு அக்காவின் கோட்டில் விரலை வைத்தார். "இவ எச்சில் நல்லாகீதே. வாரத்துக்கு ஒரு தரம் வந்து துப்பிட்டுப் போவச் சொல்லு. வாசலோட போயிடணும்."

காறித் துப்புவாள் என்று நினைத்துத்தான் போய்ச் சொன்னேன். வந்துவிட்டாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே, லாரி போகிற ரோட்டோரமாக நின்று துப்பி, குழாயை மூடிக் கொடுத்தாள்.

"போதுமா பாரு பாப்பா. நெறைய வோணும்னா இன்னும் தரேன்" என்றாள். "அடுத்த வாட்டியும் நல்லாகீதுன்னா, சாரு கழுவற வேலைக்குக் கூப்புடுவாரா?"